மக்கள் தொடர்பாளர் என்று எல்லாரையும் எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில், சொற்களின் கதை சொல்லும் பத்தியில், அமெரிக்காவில் விளம்பர ஆட்களைக் குறிக்கிற ‘ஃப்ளாக்’ என்ற சொல்லைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் அந்தப் பத்தியை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவன், வெட்டி ஒட்டி வைத்த நோட்டே இரண்டு இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு விஷயம் சரியில்லை. ஒன்று அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று சொன்னது, இன்னொன்று அதற்குக் கொடுத்திருந்த தமிழ். முதலாவது சின்னத் தவறு, திருத்திவிட்டுப் போகலாம். இரண்டாவதைத்தான் என்னால் அப்படி விட முடியவில்லை, ஏனென்றால் அது நான் 27 வருடம் வாங்கிய சம்பளத்தின் பெயர். மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தில் உதவி மக்கள் தொடர்பு அலுவலராக, ஊரில் எல்லாரும் சொல்வதுபோல் ஏ.பி.ஆர்.ஓ.வாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

முதலில் சொல்லின் பிறப்பு. இரண்டாம் உலகப் போரில் விமானத்தைச் சுட்டு வீழ்த்த ஜெர்மானியர்கள் வைத்திருந்த பீரங்கியிலிருந்து இது வந்தது என்று எழுதியிருந்தீர்கள். அப்படி ஒரு சொல் உண்டு, ஆனால் அது வேறு சொல். ஃப்ளீகர், ஆப்வேர், கனோனே என்று மூன்று சொற்களை ஒட்டி ஜெர்மானியர்கள் அந்தப் பீரங்கிக்குப் பெயர் வைத்தார்கள்: விமானி, தடுப்பு, பீரங்கி. மூன்றின் முன்னெழுத்துகளைச் சேர்த்துச் சுருக்கியதுதான் ஃப்ளாக். போர்க் காலத்தில்தான் அது ஆங்கிலத்தில் எல்லார் வாயிலும் புழங்க ஆரம்பித்தது. கடுமையான விமர்சனம் என்ற பொருள் அதற்குப் பின்னால், 1960களில் ஒட்டிக்கொண்டது. விளம்பர ஆளைக் குறிக்கும் ஃப்ளாக்கோ 1930களின் பிற்பகுதியிலேயே அமெரிக்க சினிமா, நாடக வட்டாரத்தில் இருந்தது. அமெரிக்கா அந்தப் போரில் இறங்கியதே 1941 டிசம்பரில்தான். ‘வெரைட்டி’ என்று நியூயார்க்கில் 1905இல் தொடங்கிய கேளிக்கைத் தொழில் வாரப் பத்திரிகைதான் அந்தச் சொல்லை ஓடவிட்டது என்பார்கள். ஜீன் ஃப்ளாக் என்று ஒரு சினிமா விளம்பர ஆள் இருந்தார், அவர் பெயரே தொழிலுக்குப் பெயராகிவிட்டது என்ற கதையும் அந்தக் காலத்திலேயே உலவியது. கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மெரியம் வெப்ஸ்டர் அகராதி அதை ஏற்கவில்லை, தோற்றம் தெரியாத சொல் என்றே போட்டிருக்கிறது.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து வேறு. ஒன்றில் கடைசியில் ‘கே’ மட்டும், மற்றதில் ‘சி’யும் ‘கே’யும். தமிழில் எழுதும்போது அந்த வித்தியாசம் போய்விடுகிறது, கொடிக்கான ஆங்கிலச் சொல்லும் அதே எழுத்துகளில்தான் வந்து நிற்கிறது. அதோடு, முதலாளிமேல் விழவேண்டிய வசவை முன்னால் நின்று வாங்கிக்கொள்வதும் அந்த விளம்பர ஆளின் வேலை என்பதால், ஆங்கிலேயர்களே இரண்டையும் குழப்பி எழுதுகிறார்கள். ஆகவே உங்கள் பத்தி எழுத்தாளரை நான் குறை சொல்லவில்லை. ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும்.

இனி எனக்கு உறுத்தியது. அந்த ஃப்ளாக்குக்குத் தமிழில் ‘மக்கள் தொடர்பாளர்’ என்று எழுதியிருந்தீர்கள். ஃப்ளாக் என்பது அங்கே மரியாதையான சொல் இல்லை. பத்திரிகைக்காரர்கள் தங்கள் மேஜையில் வந்து விழும் காசுக்கான புகழுரையைப் பார்த்து அலுத்துப்போய்ச் சொல்கிற சொல் அது. அதை மொழிபெயர்க்க நம்மிடம் இருப்பதிலேயே கனமான பெயரை ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும்?

இந்தத் தொழிலுக்கு ஆங்கிலத்தில் எத்தனை பெயர் மாறியிருக்கிறது என்று பார்த்தால், ஒரு பெயர் அழுக்கானதும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொன்றை உடுத்திக்கொண்டதுதான் தெரிகிறது. ‘பப்ளிசிஸ்ட்’ என்ற சொல்லையே எடுங்கள். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதற்கு நாடுகளுக்கு இடையிலான சட்டத்தை அலசி எழுதும் அறிஞர் என்று பொருள். ஹேக் நகரத்திலிருக்கும் சர்வதேச நீதிமன்றத்தின் சட்டத்தில், 38ஆவது பிரிவில், இன்றைக்கும் அந்தப் பழைய பொருளில்தான் அந்தச் சொல் இருக்கிறது: எந்தெந்த ஆதாரங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்ற பட்டியலில், பல நாடுகளின் தேர்ந்த பப்ளிசிஸ்டுகள் எழுதியவையும் ஒன்று. அதே சொல்தான் இன்று நடிகர் நடிகையரின் பேட்டிக்குத் தேதி கொடுப்பவருக்கும் பெயர். ‘பிராபகாண்டா’ இன்னும் பழசு. போப் பதினைந்தாம் கிரகோரி 1622இல் கிறிஸ்தவ மறையைப் பரப்ப ரோமில் ஏற்படுத்திய சபையின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. பரப்புதல் என்பதைத் தவிர அதற்கு அப்போது வேறு பொருள் இல்லை, கெட்ட வாடையும் இல்லை.

கெட்ட வாடை எப்படி வந்தது என்று தெரிய ‘பிரஸ் ஏஜென்ட்’ என்ற பெயரில் வேலை செய்தவர்களைப் பார்க்க வேண்டும். சர்க்கஸும் காட்சிக் கொட்டகையும் வளர்த்த பெயர் அது. அந்த வித்தைக்கெல்லாம் குரு பார்னம் என்ற அமெரிக்கக் காட்சிக் கொட்டகைக்காரர். லண்டன் மிருகக்காட்சி சாலையிலிருந்து 1882இல் ஜம்போ என்ற யானையை வாங்கி, ஊரெல்லாம் அதைப் பற்றியே பேசவைத்தவர். நாம் இன்றைக்குப் பெரிதாக எதைப் பார்த்தாலும் ஜம்போ என்கிறோமே, அந்த யானையின் பெயர்தான் அது. ஆனால் அவர் தொழில் ஆரம்பித்தது யானையில் இல்லை. 1835இல் ஜாய்ஸ் ஹெத் என்ற, கண் தெரியாத, கைகால் முடங்கிய ஒரு கறுப்பினக் கிழவியை, அடிமையாக இருந்தவரை, காசு கொடுத்து எடுத்துக்கொண்டு வந்து, இவருக்கு வயது 161, ஜார்ஜ் வாஷிங்டனைக் குழந்தையில் வளர்த்த தாதி இவர்தான் என்று ஊர் ஊராகக் காட்டினார். கூட்டம் குறைந்தபோது என்ன செய்தார் தெரியுமா? பத்திரிகைக்கு ஒரு மொட்டைக் கடிதம். இவள் மனுஷியே இல்லை, திமிங்கில எலும்பும் ரப்பரும் வைத்துச் செய்த பொம்மை, ஏமாறாதீர்கள் என்று யாரோ ஒரு வாசகர் எச்சரிப்பதுபோல. அவ்வளவுதான், ஏற்கெனவே பார்த்தவர்களும் பொம்மையா என்று சோதிக்க மறுபடி காசு கொடுத்து வந்தார்கள். அடுத்த வருடம் அந்த அம்மாள் இறந்ததும் உடலை அறுத்துப் பார்ப்பதற்கும் டிக்கெட் போட்டார். வயது அதிகம் போனால் 80 இருக்கும் என்றார் அறுத்த மருத்துவர்.

படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிற இடம் இது. அந்த அம்மாள் பட்ட பாடு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆசிரியருக்கு வருகிற வாசகர் கடிதம் என்கிற, நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிற இந்த வடிவத்தையே, ஏறக்குறைய 190 வருடத்துக்கு முன்னால் ஒரு விளம்பர ஆள் தன் கடைக்குக் கதவாக்கிவிட்டாரே என்பது.

அப்புறம் வந்தவர் ஐவி லீ. பத்திரிகை நிருபராக இருந்து இந்தப் பக்கம் வந்தவர். 1906இல் நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்கு வேலை பார்த்தபோது பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். இது ரகசிய வேலை இல்லை, எல்லாம் வெளிப்படை, நாங்கள் தருவது செய்தி, விளம்பரமாகத் தோன்றினால் போடாதீர்கள், விவரம் கேட்டால் உடனே தருகிறோம் என்ற ரீதியில். நல்ல அறிக்கை. எங்கள் அலுவலகச் சுவரிலேயே மாட்டி வைக்கலாம். ஆனால் 1914இல் கொலராடோவில், லட்லோ என்ற இடத்தில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடார முகாம் தாக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் தீயில் செத்த பிறகு, சுரங்க முதலாளி ராக்ஃபெல்லர் பக்கம் நின்று இவர் விட்ட துண்டறிக்கைகளில் உண்மையில்லாத தகவல்கள் இருந்தன. எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் அவருக்கு ‘பாய்சன் ஐவி’ என்று பெயர் வைத்தார். அது அங்கே வளரும் ஒரு செடி, நம்மூர் காஞ்சொறி மாதிரி பட்ட இடமெல்லாம் தடித்து அரிக்கும்.

‘பப்ளிக் ரிலேஷன்ஸ்’ என்பதைத் தொழிலின் பெயராக நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் பெர்னேஸ், சிக்மண்ட் ஃப்ராய்டின் சகோதரி மகன். முதல் உலகப் போரில் அமெரிக்க அரசின் போர்ப் பிரச்சாரக் குழுவில் இருந்தார். போர் முடிந்தபோது பிராபகாண்டா என்ற பெயரை, எதிரி பயன்படுத்திய சொல் என்பதால், வெளியில் சொல்ல முடியவில்லை. அதனால் வேறு பெயர் தேடினேன் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தப் பெயருக்கு மாறிய பிறகு அவர் செய்த வேலைகளில் ஒன்று, 1929 ஈஸ்டர் நாளில் நியூயார்க் தெருவில் பெண்களைச் சிகரெட் பற்றவைத்து நடக்கவிட்டு அதைப் பெண் விடுதலையின் தீப்பந்தம் என்று பத்திரிகைகளில் வரவைத்தது. பின்னால் காசு போட்டது சிகரெட் கம்பெனி. ஆக அந்தப் பெயர் பிறக்கும்போதே ஒன்றை மறைக்கப் பிறந்தது.

நாம் அதை மொழிபெயர்த்தபோது கொஞ்சம் தப்பித்தோம் என்பது என் கட்சி. ‘மக்கள்’ என்ற சொல்லைப் போட்டோம். பொதுஜனம் என்றோ வாடிக்கையாளர் என்றோ போடவில்லை. அரசுத் துறைக்கே அந்தப் பெயர் வந்தது. எங்களைப் போன்றவர்கள் அந்தப் பெயருக்கு ஒரு வேலையைச் சேர்த்தோம். நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஜீப்பில் புரொஜக்டரை ஏற்றிக்கொண்டு கடற்கரைக் கிராமங்களுக்குப் போவோம், கோயில் முன்னால் திரை கட்டிச் செய்திப்படம் போடுவோம். படம் முடிந்ததும் கூட்டம் எங்களைத்தான் பிடித்துக்கொள்ளும். ரேஷன் கார்டு ஏன் வரவில்லை, கடல் அரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு எப்போது, பஞ்சாயத்துக் குழாயில் உப்புத்தண்ணீர் வருகிறதே, என்ன செய்யப் போகிறீர்கள் என்று. பதில் தெரிந்தால் சொல்வோம், தெரியாவிட்டால் எழுதிக்கொண்டுபோய்க் கலெக்டர் ஆபீசில் கொடுப்போம். இரண்டு பக்கமும் பேச்சு போய்வந்தது, அதனால் தொடர்பு என்ற சொல் பொருந்தியது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு பக்கம் என்ன நடந்தது என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான்காம் நாள், டிசம்பர் 30, மறுபடியும் அலை வரலாம் என்று டெல்லியிலிருந்து எச்சரிக்கை வந்து, கரையோரம் முழுக்க ஜனங்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்று நான் மைக் கட்டின ஜீப்பில் இருந்தேன். எங்களுக்கும் பயம்தான். என்ன தெரியுமோ அதை மட்டும் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள் என்றார் எங்கள் அதிகாரி. முகாமில் ஒரு வயதான அம்மா வண்டியை நிறுத்தி, “மக்கா, நீ சொல்லது நெசந்தானா, இல்ல சொல்லச் சொன்னத சொல்லுதியா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு முகம் பார்த்துப் பதில் சொல்ல முடிகிறவருக்குத்தான் மக்கள் தொடர்பாளர் என்ற பெயர் தகும் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு தனியார் கல்லூரி, பெயர் வேண்டாம், என்னை அழைத்து விசிட்டிங் கார்டில் அதே ‘மக்கள் தொடர்பாளர்’ என்று அடித்துக் கொடுத்தது. பத்திரிகைக்காரர்களை உங்களுக்குத் தெரியுமே என்றார்கள். வேலை என்னவென்றால் விடுதிச் சாப்பாட்டில் மாணவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்த செய்தி எந்தப் பதிப்பிலும் வராமல் பார்த்துக்கொள்வதும், அதே வாரத்தில் பட்டமளிப்பு விழா நான்கு பத்தி அகலத்தில் வருமாறு பார்த்துக்கொள்வதும். 15 நாளில் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். செய்தி வராமல் பார்த்துக்கொள்வதற்கு எப்படி மக்கள் தொடர்பு என்று பெயர் வரும்? அந்த மாணவர்களின் அப்பா அம்மாவும் மக்கள்தானே.

இப்படிச் சொல்வதால் விளம்பர வேலை செய்பவர்கள் எல்லாரையும் இழிவாகச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று சொல்லப்படும் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் 1958இல் வந்த நாடோடி மன்னன் படத்தில் அந்த வேலையைத் தொடங்கியவர். படத்தின் ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுசேர்ப்பதில் ஆரம்பித்து, தமிழில் வெளியான படங்களின் விவரங்களை எல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்தார். 2016இல் அவர் மறைந்தபோது, அவர் திரட்டியது இல்லையென்றால் பழைய படங்கள் பலவற்றைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது என்று எல்லாரும் எழுதினார்கள், அது நிஜம். அந்த வேலையிலும் இப்படி ஒரு வாழ்க்கை வாழலாம். ஆனால் சினிமா போஸ்டரின் அடியில் ‘மக்கள் தொடர்பு’ என்று பெயர் போடுகிறார்களே, அவர் தொடர்புகொள்வது பத்திரிகைக்காரர்களுடன், மக்களுடன் இல்லை. பி.ஆர்.ஓ. என்றே எழுதிவிட்டுப் போகலாம், எல்லாருக்கும் புரிகிறது.

சரி, ஃப்ளாக்குக்கு என்ன எழுதுவது? எங்கள் பக்கத்தில் கல்யாணப் பந்தியில் சோறு கறி பரிமாறுவதை விளம்புவது என்போம். “பருப்பு விளம்பியாச்சா?” என்றுதான் கேட்போம். மலையாளத்திலும் அப்படித்தான். விளம்பு என்றால் எடுத்துச் சொல்வது என்றும் பொருள், கம்பனில் ஒவ்வொருவரும் விளம்பிக்கொண்டே இருப்பார்கள். விளம்பரம் அதிலிருந்துதான் வருகிறது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூரிலும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது, திருவிதாங்கூரில் மன்னரின் பிரகடனத்துக்கே விளம்பரம் என்றுதான் பெயர். 1936 நவம்பர் 12 அன்று எல்லாச் சாதியாருக்கும் கோயில் கதவைத் திறந்த ஆணையை ‘க்ஷேத்திரப் பிரவேச விளம்பரம்’ என்றார்கள், எங்கள் தாத்தா கடைசிவரை அப்படியே சொல்வார். விளம்பரம் என்பது ஒன்றும் கேவலமான சொல் இல்லை, ஒளிவு மறைவு இல்லாத சொல். அதனால் ‘விளம்பர ஆள்’ என்று எழுதுங்கள், இளக்காரமான தொனியும் அதில் வந்துவிடும். கம்பெனிக்காக, கட்சிக்காகப் பேசுகிறவரை நாம் செய்தித் தொடர்பாளர் என்கிறோம், இலங்கைத் தமிழர்கள் ஊடகப் பேச்சாளர் என்கிறார்கள். அவர்கள் சொல் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது, ஊடகத்திடம் பேசுகிறவர் என்று வேலையை அப்படியே சொல்லிவிடுகிறது.

அறிவிக்கிற வேலை நமக்குப் புதியதும் இல்லை. மணிமேகலையில் இந்திர விழாவைப் புகார் நகரத்துக்கு அறிவிக்கிறவன், யானைப் பிடரியில் முரசை ஏற்றி அறைந்துகொண்டு, முதலில் இந்த மூதூர் வாழ்க என்கிறான், அடுத்து மழை பெய்க என்கிறான், மன்னன் செங்கோல் கோணாமல் இருக்கட்டும் என்பது அதற்கு அப்புறம்தான். பிறகு வாழையும் கரும்பும் நடச் சொல்லி, பகைவரோடு நின்றாலும் சண்டை போடாமல் விலகிப் போங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போகிறான். சம்பளம் கொடுக்கிறவன் மன்னன், ஆனாலும் ஊரைத்தான் முதலில் வாழ்த்துகிறான். ஆனால் அதே அறிவிப்பு வேலை பிற்காலத்தில் கிராமங்களில் ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்டு, தண்டோரா போடுகிறவனுக்கு மரியாதையே இல்லாமல் போனது. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலர் எல்லாக் கலெக்டர்களுக்கும் கடிதம் எழுதித் தண்டோரா போடுவதை நிறுத்தச் சொன்னபோது, ஒலிபெருக்கி இருக்கிற காலத்தில் இது எதற்கு என்ற அந்தக் கேள்வியை 27 வருடத்தில் நாங்கள் ஏன் கேட்கவில்லை என்று வெட்கமாக இருந்தது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த ஞாயிறு அதே பத்தியில், பீரங்கிக்கும் விளம்பர ஆளுக்கும் சம்பந்தமில்லை என்று திருத்தம் போடுங்கள். இனி ஒரு கம்பெனியின் ஆள், ஆஸ்பத்திரியின் ஆள், நடிகரின் ஆள் சொன்னதைச் செய்தியில் போடும்போது, யார் சார்பில் பேசுகிறார் என்பதைச் சேர்த்து எழுதுங்கள், மொட்டையாக ‘மக்கள் தொடர்பாளர் தெரிவித்தார்’ என்று விடாதீர்கள். போன மாதம் உள்ளூர்ப் பக்கத்தில் வந்த ஒரு மருத்துவமனைச் செய்தியில் அப்படித்தான் இருந்தது. இரண்டு தடவை படித்தும் சொன்னவர் அரசு அலுவலரா, அந்த மருத்துவமனையில் சம்பளம் வாங்குகிறவரா என்று, இந்த வேலையிலேயே இருந்த எனக்கே புரியவில்லை.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உதவி மக்கள் தொடர்பு அலுவலர்,
நாகர்கோவில்.